செம்பியன் மாதேவியார்

சோழநாட்டுத் திருத்தலங்களை வழிபடச் செல்லும் அன்பர்கள், காவிரியின் இருமருங்கும் கற்றளிகளாய் நிற்கும் கோயில்களைக் கண்டு, இவை சமயகுரவர் காலந்தொட்டே இவ்வண்ணம் நின்றன போலும் என எண்ணுவர். அஃது உண்மையன்று. சம்பந்தப் பெருமானும் அப்பரடிகளும் பாடிப் பணிந்த காலத்து அவற்றுட் பல செங்கல்லும் மண்ணும் மரமும் கொண்டு அமைந்திருந்தன. மழையும் வெள்ளமும் அவற்றைச் சிதைத்து வந்தன. அவ்வாலயங்களைக் கல்லாற் புதுக்கி நமக்கு வைத்துச் சென்றோருள் முதல்வரிசையில் எண்ணத்தக்கவர், கணவனை இழந்த ஒரு பெருமாட்டி. அவரே செம்பியன் மாதேவியார்.

நம் மலைநாட்டுச் சைவப் பாடசாலைகளிலே பயிலும் சிறுமியர் காரைக்காலம்மையாரையும் திலகவதியாரையும் மங்கையர்க்கரசியாரையும் நன்கறிவர். பெரியபுராணம் அவர்களைப் பாடியதே காரணம். செம்பியன் மாதேவியார் அறுபத்துமூவர்க்குப் பின் வந்தவராதலின் அந்நூலில் இடம்பெற்றிலர். கல்கியின் பெருங்கதையாகிய பொன்னியின் செல்வனைக் கற்றோர் அவர் பெயரை அறிவர். ஆயினும் கதையிற் காணும் மூதாட்டி வேறு, கல்வெட்டிற் காணும் மூதாட்டி வேறு. இப்பின்னவரையே ஆசிரியன்மார்க்கு ஈண்டு அறிமுகஞ் செய்கின்றோம்.

அம்மையார் மழவரையர் குலத்துத் தோன்றியவர். மழநாடாவது திருச்சிராப்பள்ளியை அடுத்துக் காவிரியின் வடபாற் கிடந்த நாடு. ஹட்டனையும் நுவரெலியாவையும் சூழ்ந்த தோட்டங்களுக்கு நம் முன்னோர் வந்த ஊர்களுட் பல திருச்சிராப்பள்ளிப் பக்கத்தன ஆதலின், அம்மையாரை நம் ஊர்ப் பெண் என்று சொல்லிக்கொள்வதில் ஒரு சிறிது உரிமையும் நமக்குண்டு. அவர் முதற் பராந்தக சோழரின் மைந்தராகிய கண்டராதித்தரை மணந்தார். சிவனடிக்கண் ஆழ்ந்த அன்புடைய அம்மன்னர் தில்லைப்பெருமான்மீது பாடிய திருவிசைப்பா ஒன்பதாந் திருமுறையிலே விளங்குகின்றது. மாமனாராகிய பராந்தகர் ஆட்சியில், கி. பி. 941 ஆம் ஆண்டிலேயே, சிவபிரான் திருமுன் ஒரு நுந்தா விளக்கு எரிதற்கு அம்மையார் அறம் வைத்தார். அவர் கைத்தொண்டுக்கு அதுவே தொடக்கமாக நமக்குக் கிடைப்பது.

கி. பி. 957 அளவிற் கண்டராதித்தர் சிவபதம் எய்தினார். மதுராந்தகர் என்னும் உத்தமசோழர் இவர்கட்கு மகனார். எனினும் அரசுரிமை அவருக்கு வரவில்லை. கண்டராதித்தரின் தம்பியார் அரிஞ்சயரிடமும், பின் அவர் மகனார் சுந்தரசோழரிடமும் சென்றது. சுந்தரசோழரின் மூத்த குமாரர் ஆதித்த கரிகாலர் வஞ்சகரால் மாய்ந்தார். கி. பி. 971 அளவிலே உத்தமசோழர் பட்டம் எய்தினார். அருண்மொழித்தேவராகிய இராசராசர், தம் சிறிய தந்தையார் அரசை விரும்புந்துணையும் தாம் அதனை மனத்தாலும் வேண்டேன் என்று ஒதுங்கினார் எனத் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறும். இக்கொலை பற்றி உத்தமசோழரை ஐயுறுவாரும் உளர். உடையார்குடிக் கல்வெட்டுக் குற்றவாளிகளாகக் காட்டுவோர் சோமன், ரவிதாசன், பரமேச்சுவரன் என்னும் உடன்பிறந்தார். அதில் உத்தமசோழர் பெயரும் இல்லை, அம்மையார் பெயரும் இல்லை. அந்நாளைய அரண்மனையின் கலக்கத்திற்கிடையே அம்மையாரின் செயலாகக் கற்கள் காட்டுவன கோயிலும் விளக்கும் நந்தவனமுமேயாம்.

இங்கு மற்றொன்று கருதத்தக்கது. சுந்தரசோழர் இறந்தபோது அவர் தேவியார் வானவன் மாதேவியார் கைக்குழந்தையையும் விட்டுத் தீப்புகுந்தார். திருக்கோவலூர்க் கல்வெட்டு அதனைப் புகழ்ந்துரைக்கின்றது. அக்காலத்து அது பெருங்கற்பாக மதிக்கப்பட்டது. செம்பியன் மாதேவியாரோ கணவர்க்குப் பின் நாற்பது ஆண்டிற்கும் மேலாக வாழ்ந்தார். நம் கருத்தில், கணவரை மறவாத அன்புக்கு அந்த நாற்பதாண்டுத் தொண்டே பெருஞ்சான்று.

இது வெறும் முகமன் அன்று. திருநல்லம் என்னும் கோனேரிராசபுரத்திற்குச் செல்வோர் இதனைக் கண்ணாற் காணலாம். சம்பந்தரும் அப்பரும் பாடிய அத்தலத்துக் கோயிலை அம்மையார் தம் கணவரின் திருப்பெயராற் கல்லில் எடுப்பித்தார். அக்கோயிற் சுவரிலே கண்டராதித்தர் சிவலிங்கத்தை வழிபடுவதாக ஓர் உருவம் செதுக்கப்பட்டு, அது அவர் உருவமே என்று கீழே எழுதப்பட்டுள்ளது. தம் உருவத்தை முன்னிறுத்த நினையாதவர், கோயில் எடுத்த தலைவனை மறந்தாரல்லர். ஆலத்தூரைச் சேர்ந்த சாத்தன் குணபட்டன் என்பாரே அவர். இராசகேசரி மூவேந்தவேளான் என்னும் பட்டமும் பெற்றார். வேலை செய்தவன் பெயரைக் கல்லிலே காணும்போது நமக்கு ஒரு நிறைவு உண்டாகின்றது.

முதுகுன்றமாகிய விருத்தாசலம், தென்குரங்காடுதுறை, திருவாரூர் அரநெறி, திருக்கோடிக்கா முதலாய தலங்களும் அம்மையாரின் கைபட்டவை. திருக்கோடிக்காவிற் செய்ததை ஆசிரியன்மார் சற்று நின்று நோக்குதல் வேண்டும். பழைய கோயிலைப் புதுக்கியபோது, பல்லவர் காலத்துச் சாசனங்களையும் பிறவற்றையும் தாங்கிய கற்கள் தனித்தனியே கிடந்தன. புதுக்கோயில் எழும்போது அவற்றை அடித்தளத்திற் போட்டு மூடுவது எளிது. அவ்வாறு செய்யாது, ஒவ்வொன்றையும் புதுச்சுவரிலே மீள வெட்டுவித்து, இஃது ஒரு பழைய கல்லின் படி என்னுங் குறிப்பையும் சேர்த்தனர். தமக்கு முன் ஒரு விளக்குக்கு ஆடு கொடுத்தவன், ஒரு துண்டு நிலம் கொடுத்தவன் ஆகியோர் தருமம் தம் பெருந்தருமத்தின் கீழ் மறைந்துபோதலை அம்மையார் பொறுத்திலர்.

நம் தோட்டங்களிலும் மரத்தடிக் கல்லாகத் தொடங்கித் தகரக் கொட்டகையாகி, பின் விமானமும் மண்டபமும் பெற்ற கோயில்கள் எத்தனை! லயத்து மக்கள் தம் சம்பளத்திற் பிடித்துக் கொடுத்த பணத்தால் எழுந்தவை அவை. கும்பாபிஷேகந்தோறும் புதுச் சலவைக்கல் பதிக்கின்றார்கள். பழைய பலகையில் இருந்த பெயர்கள் சுண்ணாம்பின் கீழ்ப் போய்விடுகின்றன. உயர்வகுப்பு மாணவரைக் கொண்டு அப்பெயர்களைப் படியெடுத்து வைக்கும் ஆசிரியர், திருக்கோடிக்காவில் நடந்த பணியையே செய்கின்றார்.

கி. பி. 985 இல் உத்தமசோழர்க்குப் பின் இராசராசர் முடிபுனைந்தார். மகனார் ஆட்சி முடிந்தபின்னும் அம்மையாரின் பணி தடைப்படவில்லை. இராசராசரின் பதினாறாம் ஆட்சியாண்டில், அதாவது கி. பி. 1001 இல், திருவக்கரையிற் கற்றளி எடுத்ததைக் கல்வெட்டால் அறிகின்றோம். முதல் விளக்குக்கும் இக்கோயிலுக்கும் இடையே அறுபது ஆண்டு. அக்குடும்பத்துப் பெண்டிரும் அந்நெறியே நின்றனர். பேர்த்திமுறையினராகிய குந்தவையார் தாதாபுரத்திற் கோயில்கள் எடுப்பித்தார். தஞ்சைப் பெரியகோயிலில் தம் பெற்றோரின் படிமங்களை எழுந்தருளுவித்தார். கல்லாற் கோயில் எடுக்கும் அவ்வழக்கம் கடல் கடந்து இங்கும் வந்தது. பொலன்னறுவைக்கு மாணவரை அழைத்துச் செல்வோர், இரண்டாம் சிவாலயம் எனக் குறிக்கப்படும் சிறு கற்றளியின் முன் நிற்பர். அதற்குப் பழம்பெயர் வானவன் மாதேவி ஈச்சரம். இராசராசரின் தாயாரும் தேவியாரும் தாங்கிய பெயர் அது.

நாகப்பட்டினத்தை அடுத்து அம்மையாரின் பெயராலேயே செம்பியன் மாதேவி என்றோர் ஊர் உண்டு. அங்குள்ள கைலாசநாதர் கோயிலில் அவர் பிறந்த சித்திரைக் கேட்டையைக் கொண்டாட உத்தமசோழரின் தேவியர், அதாவது அம்மையாரின் மருமகளிர், அறக்கட்டளைகள் வைத்தனர். மாமியாரின் பிறந்தநாளை மருமகளிர் கூடிக் கொண்டாடியது சிறிய செய்தியன்று என்பது இல்லறத்தார்க்குத் தெரியும். கி. பி. 1019 இல், இராசேந்திர சோழர் ஆட்சியில், அம்மையாரின் படிமமும் அக்கோயிலில் எழுந்தருளுவிக்கப்பட்டு வழிபாட்டுக்கு நிவந்தம் பெற்றது. சித்திரைக் கேட்டை, அம்மாதத்துப் பௌர்ணமி கழிந்து சில நாட்களில், தேய்பிறைத் தொடக்கத்திலே வரும். பஞ்சாங்கம் பார்த்துக் குறித்து வைத்தல் எளிது.