தரங்கம்பாடிக் கோட்டையில் நான்கு மாதம்

தமிழில் புதிய ஏற்பாட்டை முதன்முதலில் அச்சிட்டவர் யார்னு பொது அறிவுப் போட்டியில் கேட்டால், சீகன்பால்குன்னு உடனே சொல்லிடுவோம். ஆனால் அந்த மனுஷன் எவ்வளவு அநியாயத்தைத் தாங்கினார் என்பதை யாரும் கேட்பதில்லை. அதனால்தான் நான் இதை எழுதுகிறேன்.

பர்த்தலோமேயு சீகன்பால்கு 1682-இல் ஜெர்மனியில் புல்ஸ்னிட்ஸ் என்ற ஊரில் பிறந்தார். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்பி, நண்பர் புளூட்சோவுடன் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். வயசு 23தான்! அரசரே அனுப்பிய ஆள், வரவேற்பு பலமா இருந்திருக்கும்னு நினைப்பீர்கள். இல்லை. அங்கிருந்த டேனிஷ் தளபதி ஹாசியஸுக்கு இவர்கள் வந்ததே பிடிக்கவில்லை. தெருவில் நிற்க விட்டுட்டுப் போய்விட்டார்கள்.

சீகன்பால்கு திரும்பிப் போகவில்லை. சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். (ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நடுவில் ஒரு வெள்ளைக்காரர்! நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வருது.) 1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்க ஆரம்பித்தார். அடுத்த மாதமே சிறை.

செய்த குற்றம்? கடன் வழக்கில் மாட்டிய ஓர் ஏழை விதவைக்காகப் பரிந்து பேசினார். அதைத் தளபதி தன் அதிகாரத்துக்கே எதிர்ப்பு என்று எடுத்துக்கொண்டார். டேன்ஸ்போர்க் கோட்டையில் நான்கு மாதம் அடைத்து வைத்தார்கள். எழுத்தே உயிராக இருந்தவருக்குத் தாளும் மையும் கொடுக்க மறுத்தார்கள். எனக்கு இதுதான் பெரிய கொடுமையாகத் தெரிகிறது. அவர் ஜெபத்தில் நாளைக் கழித்தார். இயேசுவும் குற்றமில்லாமல் பாடுபட்டவர்தானே, அவர் வழியில் போகிறவனுக்கு இது வரும் என்பது அவருடைய நம்பிக்கை.

1709 மார்ச்சில் வெளியே வந்தார். அதே ஊர், அதே தளபதி! பழி வாங்கப் போகவில்லை. அதற்காக வாய் மூடியும் இருக்கவில்லை. நடந்த அநியாயத்தை ஐரோப்பாவுக்கு எழுதினார். பொறுமை என்றால் பயந்து கிடப்பது இல்லை என்று எனக்குப் புரிந்தது இங்கேதான். விட்ட வேலையை மறுபடி எடுத்து 1711-இல் மொழிபெயர்ப்பை முடித்தார். 1715-இல் புத்தகம் முழுசாக அச்சில் வந்தது.

இன்னொன்றும் சொல்லணும். தமிழர்களின் தெய்வங்களைப் பற்றி 1713-இல் ஒரு பெரிய நூல் எழுதி அனுப்பினார். அங்கே இருந்த பெரியவர்கள் அது வேண்டாத வேலை என்று ஓரமாக வைத்துவிட்டார்கள். 1867-இல்தான் சென்னையில் அச்சானது, 154 வருஷம் கழித்து!

கடைசி அடி சொந்த ஆட்களிடமிருந்தே வந்தது. கோபன்ஹேகனில் மிஷன் செயலாளராக இருந்த வெண்ட், இவர்கள் ஏழைகளாக வாழாமல் கட்டடம் கட்டிச் செலவு செய்கிறார்கள் என்று கடுமையாக எழுதினார். உடம்பு தளர்ந்திருந்த சீகன்பால்குவுக்கு அது ரொம்ப வலித்தது. ஆனாலும் புதிய எருசலேம் ஆலயத்தை 1718-இல் திறந்து வைத்தார். 1719 பிப்ரவரி 23 அன்று, 36 வயதில் இறந்தார். அந்த ஆலயத்துக்குள்ளேயே அவரை அடக்கம் செய்தார்கள்.