மடியில் பேரன், மனசுக்குள் கணக்கு

இன்ஜினியரிங் சேர்ந்த நாளிலிருந்து ஒருத்தர் நம்மை விடாமல் துரத்திக்கிட்டே வர்றார், கவனிச்சிருக்கீங்களா? காம்ப்ளெக்ஸ் நம்பர் வந்தா அவர் ஃபார்முலா. நியூமெரிக்கல் மெத்தட்ஸ்ல அவர் பேர்ல ஒரு மெத்தட். சிவில், மெக்கானிக்கல் நண்பர்களுக்கு காலம் பக்ளிங். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல ஒரு சமன்பாடு. கம்ப்யூட்டர் சயின்ஸ்காரங்க தப்பிச்சுட்டோம்னு நினைக்க வேண்டாம். கோனிக்ஸ்பர்க் நகரத்து ஏழு பாலக் கணக்கைப் போட்டு கிராஃப் தியரிக்குப் பிள்ளையார் சுழி போட்டதே அவர்தான்.

லியோனார்ட் ஆய்லர். ஃபார்முலா எல்லாருக்கும் தெரியும், ஆளைத் தெரியுமா? நான் சொல்லப் போறது கணக்கைப் பத்தி இல்ல. ஒரு கணவரைப் பத்தி, ஒரு அப்பாவைப் பத்தி, கடைசி நாள்ல பேரப்பிள்ளையோடு விளையாடிக்கிட்டிருந்த ஒரு தாத்தாவைப் பத்தி.

1707 ஏப்ரல் 15. சுவிட்சர்லாந்தில் பாசெல் நகரம். அப்பா பால் ஆய்லர் சீர்திருத்த சபையின் போதகர். அம்மாவும் போதகர் வீட்டுப் பெண். பையனும் போதகராகணும்னுதான் அப்பாவின் ஆசை. 13 வயசுல பாசெல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த லியோனார்ட், பிறகு அப்பா சொன்னபடியே இறையியல், கிரேக்கம், எபிரேயம் எல்லாம் படிச்சார். ஆனா மனசு கணக்குல இருந்தது. அங்கே அன்றைய ஐரோப்பாவின் பெரிய கணித மேதை யோஹான் பெர்னூலி பேராசிரியர். தனியா பாடம் எடுக்க நேரமில்லைன்னு மறுத்தவர், கஷ்டமான புத்தகங்களை நீயே படி, சனிக்கிழமை மதியம் சந்தேகத்தோடு வான்னு வழி காட்டினார். சந்தேகம் குறைவா இருக்கணுமேன்னு பையன் வாரம் முழுக்க உழைச்சான். கடைசியில் பெர்னூலியே அப்பாவிடம் பேசி மனசை மாத்தினார்.

வீட்டுல ஒண்ணு நினைக்க, நாம வேற ஒண்ணு படிக்க ஆசைப்பட்ட கதை நம்மில் பலருக்கும் உண்டு. ஆய்லர் விஷயத்துல ஒரு வித்தியாசம். போதகர் வேலையை விட்டார், போதகர் வீட்டை விடல. அங்கே கத்துக்கிட்ட பக்தியைக் கடைசிவரை கூடவே எடுத்துக்கிட்டுப் போனார்.

20 வயசுல, 1727இல், ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அகாடமிக்கு வேலைக்குப் போனார். 1734 ஜனவரியில் கத்தரீனா க்செல்லைக் கல்யாணம் பண்ணினார். அவருடைய அப்பாவும் சுவிஸ்காரர்தான், அகாடமியில் ஓவியர். நேவா நதிக்கரையில் வீடு வாங்கினாங்க. அடுத்தடுத்து பிள்ளைகள், மொத்தம் 13. அதில் வளர்ந்து ஆளானது 5 பேர்தான். மத்த 8 பேரும் சின்ன வயசுலயே போயிட்டாங்க. அந்தக் காலத்தில் இது சகஜம்தானேன்னு நாம சுலபமா சொல்லிடலாம். எட்டு முறை அந்த வீட்டிலிருந்து சின்னச் சவப்பெட்டி போயிருக்குன்னு நினைச்சுப் பாருங்க.

அந்த வருஷங்களில்தான் அவருடைய பெரிய கண்டுபிடிப்புகள் வந்தன. கைக்குழந்தையைத் தூக்கி வைச்சுக்கிட்டு, காலடியில் மத்த பிள்ளைகள் விளையாட, நடுவுல உட்கார்ந்து எழுதினார்னு அவரைப் பார்த்தவங்க சொல்லியிருக்காங்க. கதவைச் சாத்திக்கிட்டு யோசிக்கிற ஆள் இல்ல. வீட்டுச் சத்தத்துக்கு நடுவுல யோசிக்கப் பழகினவர். அந்த வீட்டை இழுத்துக் கட்டி நடத்தின கத்தரீனாவுக்கு எந்த ஃபார்முலாவிலும் பேர் இல்ல என்பதையும் இங்கே சொல்லிடணும்.

1735இல் கடுமையான காய்ச்சல். அடுத்த சில வருஷத்தில் வலது கண் பார்வை போச்சு. நல்லதுதான், இனி கவனம் சிதறாதுன்னு எடுத்துக்கிட்டாராம்.

இந்த இடத்தில் நம்ம ஊருக்கும் ஒரு சின்னத் தொடர்பு இருக்கு. 1738இல் அகாடமியைச் சேர்ந்த பேயர் என்ற அறிஞர் ஒரு வரலாற்று நூல் வெளியிட்டார். இந்தியர்களின் காலக் கணக்கு பற்றித் தரங்கம்பாடியிலிருந்த வால்தர் என்ற மிஷனரி எழுதியது அதில் இருக்கு. அதே நூலில் இந்தியர்களின் சூரிய ஆண்டு பற்றி ஒரு கட்டுரை எழுதியவர் யார் தெரியுமா? 31 வயசு ஆய்லர். சித்திரை முதல் பங்குனி வரை நம்ம தாத்தா பாட்டி பஞ்சாங்கத்துல பார்க்கிற அந்தச் சூரிய வருஷக் கணக்கு, நேவா நதிக்கரையில் அவர் மேஜை மேல கிடந்திருக்கு!

1741இல் பெர்லின். பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃப்ரெடெரிக் கூப்பிட்டுப் போனார். ராஜாவுக்குப் பிடிச்சது பிரெஞ்சு பேச்சு, கிண்டல், வால்டேர் மாதிரி ஆட்கள். கடவுள் நம்பிக்கையைக் கேலி பண்றது அந்த அரண்மனையில் ஃபேஷன். ஆய்லரோ எளிமையா உடுத்தி, சுருக்கமா பேசுற குடும்பஸ்தர். கிரேக்கக் கதையில் வரும் ஒற்றைக்கண் அரக்கன் பேரை வைச்சு ராஜாவே அவரைக் கேலி பண்ணினார். ஆய்லர் மாறல. தினமும் சாயங்காலம் வீட்டாரை, வேலைக்காரங்க உட்பட, கூட்டி வைச்சு வேதாகமத்தில் ஒரு அதிகாரம் வாசிச்சு ஜெபம் நடத்துவார். 1747இல், அதே ராஜாவின் ஊரில் இருந்துகிட்டே, நாத்திகர்களுக்குப் பதில் சொல்லி ஒரு சின்னப் புத்தகமும் போட்டார். 1750இல் கணவரை இழந்த அம்மாவை பெர்லினுக்கு அழைச்சுக்கிட்டார். அந்த அம்மா 11 வருஷம் மகன் வீட்டிலேயே இருந்தாங்க.

நமக்குப் பிடிச்ச மாதிரி ஒரு சைட் கதையும் உண்டு. பாட்ஸ்டாம் அரண்மனையில் பெரிய நீரூற்று வேணும்னு ராஜாவுக்கு ஆசை. ஆய்லர் குழாய்க்குள் வரும் அழுத்தத்தைக் கணக்குப் போட்டு, மரக்குழாய் தாங்காது, ஈயக்குழாய் போடுங்கன்னு எச்சரிச்சார். எடுபடல. குழாய் வெடிச்சுது, நீரூற்று வரல. பல வருஷம் கழிச்சு ராஜா பழியைப் போட்டது யார் மேல? ஆய்லரின் ஜியோமெட்ரி மேல!

1766இல் குடும்பத்தோடு பீட்டர்ஸ்பர்க் திரும்பினார். இதுக்கு அப்புறம் நடந்ததைக் கொஞ்சம் நிதானமா படிங்க.

இடது கண்ணிலும் புரை வந்து பார்வை மங்கிப் போச்சு. 1771இல் நகரத்தில் தீ விபத்து. வீடு எரியுது, உள்ளே பார்வையில்லாத மனுஷர். பீட்டர் கிரிம் என்ற பாசெல்காரர் உள்ளே ஓடி அவரைத் தோளில் சுமந்து வெளியே கொண்டுவந்தார். கையெழுத்துப் பிரதிகள் தப்பின, வீடு போச்சு. அதே வருஷம் கண் அறுவை சிகிச்சை. சில நாள் பார்வை வந்தது. பிறகு புண்ணாகி, வலியோடு மறுபடியும் இருட்டு. 1773இல் கத்தரீனா இறந்துட்டாங்க. கிட்டத்தட்ட 40 வருஷ வாழ்க்கை.

இங்கே முடிஞ்சிருக்கணும் இல்லையா? ஆனா அவருடைய மொத்த எழுத்தில் ஏறக்குறைய பாதி இந்தப் பார்வையில்லாத காலத்தில் வந்தது. 1775இல் மட்டும் சராசரியா வாரத்துக்கு ஒரு கட்டுரை. எப்படி? நினைவாற்றல் ஒரு காரணம். இன்னொரு காரணம் அந்த வீடுதான். அறை நடுவில் பெரிய சிலேட்டு மேஜை. ஆய்லர் சாக்பீஸால் பெரிசு பெரிசா எழுதுவார், இல்லைன்னா வாயால் சொல்லுவார். மூத்த மகன் யோஹான் ஆல்பிரெக்ட்டும் க்ராஃப்ட், லெக்செல், பாசெலிலிருந்து வந்த இளைஞர் நிக்கோலாஸ் ஃபுஸ் ஆகியோரும் விவாதிச்சு எழுதி முடிப்பாங்க. வீட்டை நடத்த துணை வேணும்னு 1776இல் கத்தரீனாவின் தங்கை முறையான சலோமேயை மணந்துகிட்டார்.

ஒரு எச்சரிக்கை. ஆய்லர் ஒரு ஃபார்முலாவைச் சொல்லி, ஆகவே கடவுள் இருக்கிறார்னு முடிச்சு, தீதெரோ என்ற நாத்திகரை வாயடைக்க வைச்சார்னு ஒரு கதை சுத்துது. நம்பாதீங்க. தீதெரோவுக்குக் கணிதம் நல்லாவே தெரியும். அதோட, ஆய்லரின் விசுவாசம் அந்த மாதிரி மேடை வித்தை இல்ல. அது சாயங்கால ஜெபத்தில் இருந்தது, அம்மாவை அழைச்சு வந்ததில் இருந்தது, எட்டுப் பிள்ளைகளைப் புதைச்ச பிறகும் அடுத்த பிள்ளையை மடியில் வைச்சுக்கிட்டதில் இருந்தது.

1783 செப்டம்பர் 18. வயசு 76. காலையில் ஒரு பேரப்பிள்ளைக்குக் கணக்குப் பாடம். பிரான்சில் மான்கோல்ஃபியே சகோதரர்கள் பலூன் பறக்கவிட்ட செய்தி அந்தச் சமயம் ஐரோப்பா முழுக்கப் பேச்சு. பலூன் எப்படி மேலே ஏறும்னு சிலேட்டில் கணக்குப் போட்டார். மதியச் சாப்பாட்டின்போது, ரெண்டு வருஷம் முன்னாடி கண்டுபிடிச்ச யுரேனஸ் கோளின் பாதை பற்றி லெக்செலோடு பேச்சு. சாயங்காலம் டீ குடிச்சுக்கிட்டே பேரனோடு விளையாடிக்கிட்டிருந்தப்போ பக்கவாதம் தாக்கியது. ராத்திரி பதினொரு மணி வாக்கில் உயிர் போனது. அப்போது உயிரோடிருந்த பேரப்பிள்ளைகள் 26 பேர்.

அடுத்த வருஷம் ஃபுஸ், ஆய்லரின் பேத்தி ஒருத்தியைக் கல்யாணம் பண்ணினார். அவங்க மகன் பால் ஹைன்ரிக் ஃபுஸ் வளர்ந்து, கொள்ளுத்தாத்தாவின் கடிதங்களையும் அச்சில் வராத கட்டுரைகளையும் தேடிப் பதிப்பிச்சார்.

பிளேஸ்மென்ட், ப்ராஜெக்ட், செமஸ்டர்னு வீட்டிலிருந்து போன் வந்தா எடுக்காம, எல்லாம் முடியட்டும் பேசிக்கலாம்னு தள்ளிப் போட்டுக்கிட்டிருக்கிற நேரம் இது. எல்லாம் முடிஞ்ச பிறகுன்னு ஒரு நேரத்துக்கு ஆய்லர் காத்திருக்கல. உங்க போன்ல மிஸ்டு கால் ஏதாவது இருந்தா, இதை மூடிட்டுத் திருப்பிக் கூப்பிடுங்க.