எல்லாப்பிரகட சுப்பாராவ்: மெட்ரிக்கில் தோற்ற சென்னை மாணவர் உங்கள் மூளைக்குச் செய்தது என்ன?

ஐதராபாத் அமீர்பேட் மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கி வெளியே வந்தால் உங்கள் கண்ணில் முதலில் படுவது கோச்சிங் சென்டர் பேனர்கள்தான். அந்தக் கூட்டத்தைத் தாண்டி ஏதாவது ஒரு மருந்துக் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஃபோலிக் ஆசிட் மாத்திரை கேட்டு யாராவது வருவார்கள். கர்ப்பிணிகளுக்கு டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் சாதாரண, விலை குறைந்த மாத்திரை அது.

அந்த மாத்திரை உருவாகக் காரணமான ஆய்வுக் குழுவை வழிநடத்தியவர், கோதாவரிக் கரையோர மாவட்டத்தில் பிறந்து சென்னையில் படித்தவர். பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ். இதைப் படிக்கும் இந்த நொடியில் உங்கள் மூளையின் நியூரான்கள் எரித்துக்கொண்டிருக்கும் எரிபொருளான ஏடிபி-யைக் கண்டறிந்தவர்களிலும் அவர் ஒருவர்.

யார் இந்த சுப்பாராவ்?

1895 ஜனவரி 12 அன்று, அப்போதைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தார். சிறு வயதில் படிப்பில் நாட்டம் இல்லை. 13 வயதில் காசிக்குப் போய் யாத்ரீகர்களிடம் வாழைப்பழம் விற்றுச் சம்பாதிக்கலாம் என்று வீட்டை விட்டுக் கிளம்பினார் என்றும், அம்மா பிடித்து இழுத்து வந்தார் என்றும் அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

மெட்ரிக் தேர்வில் இரண்டு முறை தோல்வி. மூன்றாவது முறை, திருவல்லிக்கேணி ஹிந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேறினார். பிறகு மாநிலக் கல்லூரி, அதன் பின் சென்னை மருத்துவக் கல்லூரி.

அங்கேயும் சிக்கல். காந்தியின் அழைப்பை ஏற்று, கதர் அங்கி போட்டுக்கொண்டு அறுவை சிகிச்சை வகுப்புக்குப் போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. கடைசியில் கைக்கு வந்தது எம்பிபிஎஸ் பட்டம் இல்லை, அதற்குக் கீழான எல்எம்எஸ் சான்றிதழ்தான்.

வாழ்க்கையைத் திருப்பிய நோய்

அவருடைய சகோதரர்கள் இருவர் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்தார்கள். காரணம் ஸ்ப்ரூ என்ற குடல் நோய். சாப்பிடும் சத்து உடம்பில் ஒட்டாமல், ரத்தசோகையில் ஆளை உருக்கிவிடும் நோய் அது. அன்றைக்கு அதற்கு முறையான மருந்து கிடையாது.

1920-களின் தொடக்கத்தில், மாமனார் வீட்டு உதவியோடு பாஸ்டனுக்குக் கப்பலேறினார் சுப்பாராவ். ஹார்வர்டில் வெப்பமண்டல நோய்கள் பற்றிப் படித்தார். செலவுக்கு ஒரு மருத்துவமனையில் இரவுப் பணியாளர் வேலை. திரும்பி வருவதாகச் சொல்லித்தான் போனார், வரவே இல்லை. மனைவியை அதன் பிறகு அவர் பார்க்கவும் இல்லை.

ஏடிபி: என்ன கண்டுபிடித்தார்?

ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து 1925-ல், ரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை அளக்க ஒரு முறையை வெளியிட்டார். நிற மாற்றத்தை வைத்து அளக்கும் எளிய முறை. ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை என்ற பெயரில் பல பத்தாண்டுகள் உலகமெங்கும் பரிசோதனைக் கூடங்களில் அது பயன்பட்டது.

1927-ல் தசையில் பாஸ்போகிரியேட்டின் என்ற பொருளை இருவரும் கண்டறிந்தார்கள். 1929-ல் அடினோசின் ட்ரைபாஸ்பேட், அதாவது ஏடிபி. அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியாக இதைக் கண்டறிந்தார். தசை இயங்குவதற்கு லாக்டிக் அமிலமே அடிப்படை என்று அதுவரை நிலவிய விளக்கம் இதனால் ஆட்டம் கண்டது. 1922-க்கான மருத்துவ நோபல் பரிசே தசை பற்றிய ஆய்வுகளுக்குத்தான் போயிருந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

சரி, இதற்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்?

உங்கள் மூளையின் எடை உடலில் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் அது தின்னும் ஆற்றல் சுமார் 20 சதவீதம்.

ஒரு நியூரானை சார்ஜ் ஏற்றிய பேட்டரி என்று வைத்துக்கொள்ளுங்கள். செல்லுக்கு வெளியே சோடியம் அதிகம், உள்ளே பொட்டாசியம் அதிகம். இந்த ஏற்றத்தாழ்வைக் காப்பது செல் சவ்வில் உள்ள ஒரு பம்ப். ஒரு ஏடிபி-யைச் செலவழித்து 3 சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கும். 1957-ல் இதைக் கண்டறிந்த யென்ஸ் ஸ்கோ, 1997-ல் நோபல் பரிசு பெற்றார்.

பம்ப் ஏற்றிவைத்த சார்ஜைச் செலவழிப்பவை அயன் சேனல்கள். சவ்வில் இருக்கும் குட்டி வாயில்கள் என்று சொல்லலாம். சோடியம் வாயில் திறந்தால் நியூரான் தூண்டப்படும், பொட்டாசியம் வாயில் திறந்தால் அடங்கும். எந்த வாயில் எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது என்பதுதான் நியூரானின் துடிப்பைத் தீர்மானிக்கிறது.

வாயில் மூடாவிட்டால்?

ஏடிபி-யையே சாவியாகக் கொண்ட ஒரு பொட்டாசியம் சேனலும் உண்டு. 1983-ல் ஜப்பானின் அகினோரி நோமா அதை இதயத் தசையில் கண்டறிந்தார். செல்லில் ஏடிபி நிறைய இருந்தால் இந்த வாயில் மூடிக்கொள்ளும், குறைந்தால் திறந்து செல்லை அமைதிப்படுத்தும். கணையத்திலும் மூளையிலும்கூட இது இருக்கிறது.

இதற்கான கேசிஎன்ஜே11 மரபணுவில் பிழை ஏற்பட்டால் ஏடிபி இருந்தும் வாயில் மூடாது. கணையம் இன்சுலின் சுரக்காமல், பிறந்த சில வாரங்களில் அல்லது மாதங்களில் சர்க்கரை நோய் வரும். பிழை கடுமையாக இருந்தால் வலிப்பு, வளர்ச்சித் தாமதம் எல்லாம் சேரும். இதை டெண்ட் நோய்க்குறி என்கிறார்கள். சேனல் திறந்தே கிடந்தால் செல் அடங்கத்தானே வேண்டும், வலிப்பு ஏன் என்று நீங்கள் கேட்கலாம். மற்ற நியூரான்களைக் கட்டுப்படுத்தும் தடுப்பு நியூரான்களே ஓய்ந்துபோவதுதான் காரணம் என்பது ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கம்.

இந்தப் பிழைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு 2004-ல் தெரிந்தது. வாயிலை மூடவைக்க, சர்க்கரை நோய்க்கான பழைய சல்ஃபோனைல்யூரியா மாத்திரையே போதும் என்பதும் புரிந்தது. 2006-ல் வெளியான ஆய்வில் 49 பேரில் 44 பேர் இன்சுலின் ஊசியை நிறுத்தி மாத்திரைக்கு மாற முடிந்தது. மூளை சார்ந்த பாதிப்பு முழுதாகச் சரியாவதில்லை. ஆனால் சீக்கிரம் தொடங்கினால் முன்னேற்றம் அதிகம்.

ஃபோலிக் ஆசிட்டும் கடைசி ஆண்டுகளும்

ஹார்வர்டில் நிரந்தரப் பதவி கிடைக்காத சுப்பாராவ், 1940-ல் லெடர்லி ஆய்வகத்துக்குப் போனார். அவரது தலைமையில் ஃபோலிக் ஆசிட் செயற்கையாகத் தயாரானது. யானைக்கால் நோய்க்கு இன்றும் இந்தியாவில் கொடுக்கப்படும் டிஇசி மாத்திரை, குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு சிட்னி ஃபார்பர் முதன்முதலில் பயன்படுத்திய அமினோப்டெரின், முதல் டெட்ராசைக்ளின் மருந்தான ஆரியோமைசின் ஆகியவையும் அங்கிருந்து வந்தவையே.

சகோதரர்களைப் பலி வாங்கிய ஸ்ப்ரூவுக்கு இன்றைய சிகிச்சை என்ன தெரியுமா? ஃபோலிக் ஆசிட், கூடவே டெட்ராசைக்ளின். இரண்டுமே அவரது ஆய்வகத்தின் வழியே வந்தவை.

1948 ஆகஸ்டில், 53 வயதில், தூக்கத்திலேயே மாரடைப்பால் இறந்தார். நோபல் கிடைக்கவில்லை. நூற்றாண்டையொட்டி 1995-ல் இந்தியா அஞ்சல் தலை வெளியிட்டது.

ஃபோலிக் ஆசிட்டின் இன்னொரு பலன் அவர் மறைந்த பிறகே உறுதியானது. ஏற்கெனவே நரம்புக்குழாய்க் குறைபாடுள்ள கருவைச் சுமந்த பெண்களுக்கு, அது மீண்டும் நேரும் அபாயத்தை இந்த மாத்திரை 72 சதவீதம் குறைப்பதாக 1991-ல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது.

நீங்கள் கவனிக்க வேண்டியது

கரு உருவான 28 நாளுக்குள் நரம்புக்குழாய் மூடிவிடும். கர்ப்பம் என்று தெரியும்போதே பல நேரம் அந்தக் கெடு தாண்டியிருக்கும். அதனால்தான் குழந்தைக்குத் திட்டமிடும்போதே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் எடுக்கச் சொல்கிறார்கள்.

6 மாதத்துக்குள் குழந்தைக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தால், மரபணுப் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். சென்னையில் மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் இதில் பல ஆண்டுகளாக ஆய்வு செய்துவருகிறது. அமீர்பேட்டில் இருப்பவர்களுக்கு, மரபியல் துறை உள்ள நிம்ஸ் மருத்துவமனை பக்கத்துப் பஞ்சகுட்டாவிலேயே இருக்கிறது. ஆனால் இன்சுலினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அந்த முடிவு பரிசோதனைக்குப் பிறகு டாக்டர் எடுக்க வேண்டியது.