கொலையாளிகள் தப்பினார்கள், ஆளுநர் தண்டிக்கப்பட்டார்

நமக்கு ஆளுநர் என்றால் ஜனாதிபதி நியமிக்கும் ஒருவர். ஐக்கிய அமெரிக்காவில் மாநில ஆளுநரை மக்களே வாக்களித்துத் தெரிவு செய்கிறார்கள். அவரை இடையில் அகற்றச் சட்டமன்றம் குற்றப்பிரேரணை கொண்டுவரலாம். அந்த வழியில் விசாரிக்கப்பட்டுப் பதவியிழந்த முதல் அமெரிக்க ஆளுநர், வட கரோலினாவின் வில்லியம் வூட்ஸ் ஹோல்டன். அவரைப் பற்றி வாசித்த நாளிலிருந்து என்னால் அவரை முழுமையாகப் போற்றவும் முடியவில்லை, மறக்கவும் முடியவில்லை.

1818இல் திருமண உறவுக்கு வெளியே பிறந்தவர் ஹோல்டன். சிறுவயதிலேயே அச்சகத்தில் வேலை பழகினார். 1843இல் ராலே நகரில் ஒரு பத்திரிகையின் ஆசிரியரானார். அடிமை முறையை ஆதரித்து எழுதினார். 1861இல் தென்மாநிலங்களோடு தன் மாநிலமும் பிரிந்து செல்லும் தீர்மானத்தில் கையொப்பமிட்டார்.

போர் ஏழைகளின் பிள்ளைகளை விழுங்கத் தொடங்கியதும் அவர் மாறினார். சமாதானம் பேச வேண்டும் என்று எழுதினார். 1863 செப்ரெம்பரில் தென்தரப்புப் படையினரே அவருடைய பத்திரிகை அலுவலகத்தை அடித்து நொறுக்கினார்கள். அடுத்த ஆண்டு ஆளுநர் தேர்தலில் நின்று படுதோல்வி அடைந்தார்.

போர் முடிந்து, விடுதலையான கறுப்பின மக்களும் வாக்களித்த 1868ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் வென்றார். அந்த வாக்குரிமையைப் பொறுக்காதவர்கள் முகமூடி அணிந்து இரவில் வந்தார்கள். கூ க்ளக்ஸ் க்ளான் என்ற அந்த இரகசியக் கும்பல், 1870 பெப்ரவரியில் வையட் அவுட்லோ என்ற கறுப்பினத் தலைவரை கிரஹாம் நகரில், நீதிமன்றத்துக்கு அருகில் மரத்தில் தூக்கிலிட்டது. மே மாதத்தில் மேலவை உறுப்பினர் ஜோன் ஸ்ரீபன்ஸ் இன்னொரு மாவட்டத்தின் நீதிமன்றக் கட்டடத்துக்குள்ளேயே கொல்லப்பட்டார்.

உள்ளூர் நீதிமன்றங்களால் எவரையும் தண்டிக்க முடியவில்லை. ஹோல்டன் அலமான்ஸ், காஸ்வெல் ஆகிய இரு மாவட்டங்களிலும் கிளர்ச்சி நிலை பிரகடனம் செய்து, ஜோர்ஜ் கேர்க் என்பவரின் தலைமையில் படை அனுப்பினார். ஏறத்தாழ நூறு பேர் கைதானார்கள். ஆட்கொணர்வு மனுக்களின் பேரில் பிரதம நீதியரசர் விடுத்த கட்டளைகளுக்கும் அவர் பணியவில்லை.

இந்த இடத்தில்தான் எனக்குத் தடக்குகிறது. விசாரணையின்றித் தடுத்து வைப்பது எதைச் செய்யும் என்று அறிந்தவர்கள் நாங்கள். நல்ல நோக்கத்துக்காகச் செய்தாலும் அது சட்டமீறலே. எதிரிகளுக்கு அவரே ஆயுதத்தைக் கொடுத்துவிட்டார். கைதானவர்களைக் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் விடுவிக்க வழிசெய்தார். அதற்கு அவர் எடுத்துக்கொண்டது, விடுதலையான அடிமைகளைக் காப்பதற்கென்று கொண்டுவரப்பட்ட 14ஆவது அரசியலமைப்புத் திருத்தம்.

ஓகஸ்ட் தேர்தலில் எதிர்த்தரப்பு சட்டமன்றத்தைக் கைப்பற்றியது. எட்டுக் குற்றச்சாட்டுகளில் ஆறு நிரூபணமானதாகத் தீர்மானித்து, 1871 மார்ச் 22 அன்று ஹோல்டனைப் பதவி நீக்கியது. இனி எந்தப் பதவியும் மாநிலத்தில் வகிக்கக் கூடாது என்றும் விதித்தது. க்ளானை ஒடுக்கும் சட்டத்தை அமெரிக்கக் கொங்கிரஸ் நிறைவேற்றியது அடுத்த மாதம்தான்.

அவுட்லோ கொலைக்காகப் பலர் மீது பின்னர் குற்றம் சாட்டப்பட்டது. ஆனால் 1873இல் வட கரோலினா சட்டமன்றம் பொதுமன்னிப்பு வழங்கியது. ஸ்ரீபன்ஸ் கொலையில் பங்கேற்ற ஒருவர் 1919இல் எழுதிக் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம், அவர் இறந்த பின், 1935இல்தான் திறக்கப்பட்டது. கொலை நடந்து 65 ஆண்டுகளாகியிருந்தன.

ராலேயில் தபாலதிபராகச் சில ஆண்டுகள் பணியாற்றிய ஹோல்டன் 1892இல் இறந்தார். 2011 ஏப்ரலில் மாநில மேலவை 48 வாக்குகளால், எதிர்ப்பு எதுவுமின்றி அவருக்கு மன்னிப்பு வழங்கியது.

நூற்று நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அந்த வாக்கெடுப்பு யாருக்கும் கடினமாக இருந்திருக்காது. அதனால் ஹோல்டனின் பெயர் துடைக்கப்பட்டது. அவுட்லோவைக் கொன்றவர்களோ பொதுமன்னிப்போடு வாழ்ந்து முடித்தார்கள். பொறுப்புக்கூறலைத் தள்ளிப்போடுகிறவர்கள் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்பதை இந்த மனிதரின் கதையில்தான் நான் தெளிவாகக் கண்டேன்.