மீன் மார்க்கெட்டிலிருந்து சட்டசபைக்கு

நம் நாட்டில் சட்டசபைத் தேர்தல் சாதாரணமாக ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறது. அதற்கே நம் தெருச் சுவர்களும் நம் காதுகளும் படுகிற பாடு நீங்கள் அறிந்ததே. வருஷந்தோறும் ஒரு தேர்தல் என்றால் எப்படியிருக்கும்? அமெரிக்காவில் நியூயார்க் ராஜ்யத்தின் சட்டசபை 1930-களின் கடைசிக் காலம் வரையில் அப்படித்தான் நடந்துவந்தது. அங்கத்தினரின் பதவிக்காலம் ஒரே வருஷம். நவம்பர் மாதம் வந்ததும் மறுபடியும் ஜனங்களிடம் போய் நிற்கவேண்டும். அந்தச் சபைக்கு 1903 முதல் 1914 வரையில் 12 தடவை வோட்டுக் கேட்டு, 12 தடவையும் ஜெயித்த ஒருவரைப் பற்றி இந்த வாரம் சொல்ல விரும்புகிறேன்.

அவர் பெயர் ஆல்பிரட் இம்மானுவேல் ஸ்மித். ஊரார் ஆல் ஸ்மித் என்றே கூப்பிட்டார்கள். அமெரிக்க ஜனாதிபதி பதவிக்கு ஒரு பெரிய கட்சியின் அபேட்சகராக நின்ற முதல் கத்தோலிக்கர் அவர்தான் என்று உங்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தத் தோல்வியைத்தான் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதற்கு முந்திய சட்டசபைக் காலம் அதைவிடப் பெரிய சங்கதி என்பது என் எண்ணம்.

1873 டிசம்பர் 30-ம் தேதி, நியூயார்க் நகரத்தில் ஆற்றோரமாயுள்ள சவுத் தெருவில் அவர் பிறந்தார். புரூக்லின் பாலத்தை அப்போதுதான் கட்டிக்கொண்டிருந்தார்கள். தகப்பனார் பார வண்டி ஓட்டுகிறவர். தாய் கத்தரீன் அம்மாள் ஐரிஷ் குடும்பத்தைச் சேர்ந்தவர். 1886-ல் தகப்பனார் இறந்தார். அடக்கம் முடிந்த கையோடு அந்தத் தாய், கலியாணத்துக்கு முன் தான் வேலை செய்த குடைத் தொழிற்சாலைக்குத் திரும்பவும் வேலை கேட்டுப் போனார். பையன் அர்ச். யாகப்பர் பங்குப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டும், அதே கோவிலில் பூசை உதவி செய்துகொண்டும், பத்திரிகை விற்றுக்கொண்டும் இருந்தான். எட்டாம் வகுப்பு முடிவதற்குள் படிப்பும் நின்றது. பிறகு பல வேலைகள் பார்த்து, கடைசியில் ஃபுல்டன் மீன் மார்க்கெட்டில் கணக்கு எழுதப் போனார். விடியற்காலை 4 மணிக்கு வேலை. வாரத்துக்கு 12 டாலர் சம்பளம்.

அவர் கற்ற கலை ஒன்று உண்டென்றால் அது நாடகம்தான். பங்குக் கோவிலுக்கு அடியிலிருந்த மண்டபத்தில் வாலிபர் சபையார் நாடகம் போடுவார்கள். ஸ்மித் அதில் முக்கிய நடிகர். நம் பங்குகளில் பாஸ்கு நாடகத்தில் வேஷம் போட்டு, கடைசி வரிசைக் கிழவிக்கும் கேட்கும்படி பேசிப் பழகினவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தப் பழக்கம் பின்னால் அவருக்குக் கை கொடுத்தது.

இனி அரசியலுக்கு வருவோம். அந்தப் பேட்டையில் டெமாக்ரடிக் கட்சி என்றால் டாமனி ஹால் என்ற கட்சி நிர்வாகம்தான். ஏழைக்கு நிலக்கரியும் வேலையும் வாங்கிக் கொடுப்பதும் அது. வோட்டுகளைக் கட்டாகக் கட்டி வைப்பதும் அது. லஞ்சத்துக்குப் பேர் போனதும் அதுவே. தாமஸ் ஃபோலி என்ற மதுக்கடைக்காரர் பேட்டைத் தலைவர். ஸ்மித் 1895-ல் ஜூரிகளுக்குச் சம்மன் கொடுக்கும் ஆபீஸில் வேலைக்கு அமர்ந்தார்; 1903-ல் ஃபோலியின் ஆதரவில் சட்டசபை அபேட்சகரானார். ஆகவே முதல் தேர்தலில் அவர் சொந்த பலத்தால் ஜெயித்தார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஃபோலி கை காட்டினார், ஜனங்கள் வோட்டுப் போட்டார்கள்.

1904 ஜனவரியில் ராஜ்யத்தின் தலைநகரான ஆல்பனிக்குப் போனார். அதற்குச் சில நாள் முன்புதான் சிக்காகோவில் ஒரு நாடகக் கொட்டகை தீப்பிடித்து அறுநூறு பேர் மாண்டிருந்தார்கள். தங்கிய ஹோட்டலும் எரிந்துவிடுமோ என்று பயந்து, ஸ்மித்தும் கூட வந்த நண்பரும் விடியும் வரையில் தூங்காமல் சீட்டாடிக்கொண்டிருந்தார்களாம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தீயின் கதை இன்னும் முடியவில்லை.

சபையில் மொத்தம் 150 பேர். ஸ்மித்துக்குக் கடைசி வரிசை. மேஜைமேல் கத்தை கத்தையாக மசோதாக்கள் வந்து விழும், ஒன்றும் விளங்காது. முதல் வருஷம் முழுவதும் வாய் திறக்கவில்லை. இரண்டாம் வருஷம் பாங்கிக் கமிட்டியிலும் காட்டு இலாகாக் கமிட்டியிலும் போட்டார்கள். சம்மன் கொடுக்கப் போனதைத் தவிர பாங்கிக்குள் அவர் நுழைந்ததில்லை. காட்டைக் கண்ணால் கண்டதுமில்லை. போதும் என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தார். ஃபோலியும் வேறு உத்தியோகம் பார்த்துத் தருவதாகச் சொன்னார். ஸ்மித் இரவு யோசித்துப் பார்த்து, திரும்பவும் ஆல்பனிக்கே போவது என்று முடிவு செய்தார்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மற்ற அங்கத்தினர்கள் மாலையில் விருந்துக்கும் வேடிக்கைக்கும் போகும்போது, இவர் அறையில் உட்கார்ந்து மசோதாக்களை ஒவ்வொன்றாக வாசித்தார். ஒரு மசோதா பழைய சட்டமொன்றைத் திருத்துகிறதென்றால் அந்தப் பழைய சட்டத்தையும் தேடி எடுத்து வாசித்தார். யாரும் புரட்டிப் பார்க்காத வரவு செலவு மசோதாவை வரி வரியாக வாசித்தார். வருஷச் சம்பளம் 1,500 டாலர். வீட்டில் மனைவி கேட்டியும் குழந்தைகளும். அறைத் தோழராக வந்து சேர்ந்தவர் ராபர்ட் வாக்னர் என்ற ஜெர்மானிய வாலிபர். சில வருஷத்துக்குள் எந்த ராஜ்ய இலாகாவில் எத்தனை பணம் எதற்குப் போகிறது என்று ஸ்மித்தைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ளவேண்டும் என்றாகிவிட்டது. ஒரு தடவை கார்னெல் கலாசாலை படகுப் போட்டியில் ஜெயித்த செய்தி சபைக்கு வர, அங்கத்தினர்கள் தாங்கள் படித்த கலாசாலைகளின் பெருமையைச் சொல்லத் தொடங்கினார்கள். தாம் பட்டம் பெற்றது ஃபுல்டன் மீன் மார்க்கெட்டில் என்று ஸ்மித் சொல்லவும் சபை சிரித்து ஓய்ந்தது.

1911-ல் டெமாக்ரடிக் கட்சிக்குப் பெரும்பான்மை கிடைத்தது. ஸ்மித் சபையில் பெரும்பான்மைக் கட்சித் தலைவரானார். வாக்னர் மேல்சபையில் தலைமை ஏற்றார். அதே வருஷம் மார்ச் 25-ம் தேதி சனிக்கிழமை மாலை, நியூயார்க்கில் டிரையாங்கிள் என்ற சட்டைத் தொழிற்சாலை எட்டாவது மாடியிலும் அதற்கு மேலும் தீப்பிடித்தது. கதவொன்று பூட்டியிருந்தது. 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இத்தாலி தேசத்திலிருந்தும் யூதக் குடும்பங்களிலிருந்தும் பிழைக்க வந்த இளம் பெண்கள். பலர் ஜன்னல் வழியாகக் குதித்து மாண்டார்கள். ஸ்மித் இறந்தவர்களின் வீடுகளுக்குப் போனார் என்றும், பிணங்களை அடையாளம் காண அவர்களோடு போய் நின்றார் என்றும் பிரான்செஸ் பெர்க்கின்ஸ் அம்மையார் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

விசாரணைக் கமிஷன் ஒன்று ஏற்பட்டது. வாக்னர் தலைவர், ஸ்மித் உபதலைவர். கமிஷன்கள் எதற்காக நியமிக்கப்படுகின்றன என்று உங்களுக்குத் தெரியும். சில வேளைகளில் கோபம் ஆறுவதற்காகத்தான். இந்தக் கமிஷன் அப்படியில்லை. பெர்க்கின்ஸ் அம்மையார் அவர்களைத் தொழிற்சாலை தொழிற்சாலையாக இழுத்துக்கொண்டு போனார். இரவெல்லாம் கயிற்றாலையில் நின்று வேலை செய்த பெண்கள் விடியற்காலை வெளியே வருவதை ஸ்மித் நின்று பார்த்தார். பழம் காய்கறிகளை டப்பாவில் அடைக்கும் சாலைகளில் சின்னக் குழந்தைகள் வேலை செய்வதைப் பார்த்தார்கள். நான்கு வருஷத்தில் முப்பதுக்கு மேற்பட்ட சட்டங்கள் நிறைவேறின. கதவுகள் வெளிப்புறம் திறக்கவேண்டும். தீ வந்தால் இறங்க வழி வேண்டும். பெண்களுக்கு வாரத்தில் 54 மணிக்கு மேல் வேலை கூடாது. டப்பாச் சாலை முதலாளிகள் மட்டும், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்ற சட்டம் தங்களுக்கு வேண்டாம் என்றார்கள். ஓய்வு நாளைப் பரிசுத்தமாய் அனுசரி என்ற கற்பனையைத் தாம் நன்றாக வாசித்துப் பார்த்ததாகவும், டப்பாச் சாலை நீங்கலாக என்று அதில் எங்கும் காணவில்லை என்றும் ஸ்மித் சொன்னார். அதற்குப் பிறகு அதிகம் பேசவில்லை.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். 1913-ல் ஸ்மித் சபாநாயகர். அந்த வருஷம் கவர்னர் வில்லியம் சல்ஸர் டாமனித் தலைவர்களின் பேச்சைக் கேட்க மறுத்தார். தேர்தல் பணக் கணக்கில் அவர் செய்த தவறைப் பிடித்துக்கொண்டு அவரைப் பதவியிலிருந்தே விலக்கினார்கள். சல்ஸர் குற்றமற்றவர் அல்ல. ஆனால் கட்சியின் பழி வாங்கலுக்குச் சபை கருவியானது. அந்தச் சபையின் நாற்காலியில் ஸ்மித் இருந்தார். அடுத்த நவம்பரில் அவர் கட்சி பெரும்பான்மையை இழந்தது. விலக்கப்பட்ட சல்ஸரையே அவ்வூர் ஜனங்கள் சட்டசபை அங்கத்தினராகத் தேர்ந்து அனுப்பிவிட்டார்கள்!

1915-ல் சட்டசபையை விட்டு ஷெரீப் பதவிக்கும், 1917-ல் நகரசபைத் தலைமைக்கும் ஸ்மித் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1918-ல் கவர்னர் தேர்தல். அந்த ராஜ்யத்தில் பெண்கள் கவர்னரைத் தேர்ந்தெடுக்க வோட்டுப் போட்ட முதல் தடவை அது. சுமார் 15,000 வோட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

1920 ஜனவரியில் சட்டசபை கூடியதும், சோஷலிஸ்டுக் கட்சியைச் சேர்ந்த ஐந்து அங்கத்தினர்களைச் சபாநாயகர் முன்னே அழைத்தார். அவர்களுடைய கட்சிக் கொள்கை தேசத்துக்கு விரோதம் என்று சொல்லி உட்கார விடாமல் நிறுத்திவைத்தார்கள், ஏப்ரலில் வெளியேற்றினார்கள். ரஷியப் புரட்சியின் பயம் நாடெங்கும் பரவியிருந்த காலம். ஸ்மித் சோஷலிஸத்தை எதிர்ப்பவர். வாயை மூடிக்கொண்டிருந்தால் அவருக்கு ஒரு நஷ்டமுமில்லை. ஆனாலும் கவர்னர் என்ற முறையில் பகிரங்கமாக ஆட்சேபித்தார். சட்டத்துக்குட்பட்ட ஒரு கட்சியின் பெயரில் ஜனங்கள் தேர்ந்தெடுத்தவர்களைக் கொள்கைக்காக வெளியேற்றினால் ஜனநாயகம் நிற்காது என்பது அவர் வாதம். உபாத்தியாயர்களின் மனதைச் சோதிக்க வந்த மசோதாக்களையும் நிராகரித்தார். செப்டம்பரில் இடைத்தேர்தல் நடந்தது; ஐவரும் மறுபடியும் ஜெயித்து வந்தார்கள். சபை அவர்களில் மூவரைத் திரும்பவும் துரத்தியது. மற்ற இருவரும் ராஜினாமாச் செய்து வெளியேறினார்கள். நவம்பரில் நாடெங்கும் வீசிய குடியரசுக் கட்சியின் காற்றில் ஸ்மித்தும் தோற்றார். 1922, 1924, 1926 ஆகிய மூன்று தேர்தல்களிலும் திரும்ப ஜெயித்து, மொத்தம் நான்கு தடவை கவர்னரானார்.

இப்போது 1928-க்கு வருவோம். முந்திய வருஷமே மார்ஷல் என்ற வழக்கறிஞர் ஒரு பத்திரிகையில் பகிரங்கக் கடிதம் எழுதி, பாப்பரசருக்குக் கீழ்ப்பட்ட கத்தோலிக்கர் அமெரிக்கச் சட்டத்துக்கு உண்மையாயிருக்க முடியுமா என்று கேட்டார். ஸ்மித், டஃப்பி சுவாமியாரின் உதவியோடு பதில் எழுதினார். தாம் பல தடவை அரசாங்கப் பிரமாணம் எடுத்தும் தமது வேதத்துக்கும் கடமைக்கும் ஒரு நாளும் மோதல் வரவில்லை என்றும், மனச்சாட்சி சுதந்தரத்தை எல்லாருக்கும் சமமாகத் தாம் ஏற்பதாகவும் அதில் சொன்னார். பதில் எழுதி என்ன? பாப்பரசர் ரோமையிலிருந்து வந்து குடியேறப்போகிறார் என்று நாட்டுப்புறங்களில் துண்டுப் பிரசுரம் பறந்தது. ஓக்லஹோமாவுக்கு ரயிலில் போகும்போது வழியில் சிலுவைகளைக் கொளுத்தி வைத்திருந்தார்கள். அந்த ஐந்து சோஷலிஸ்டுகளிடம் கேட்கப்பட்ட அதே கேள்வி அவரிடமும் வந்து சேர்ந்தது.

ஹூவருக்கு 2 கோடி 14 லட்சம் வோட்டு. ஸ்மித்துக்கு 1 கோடி 50 லட்சம். ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளில் 444 பேர் ஹூவர் பக்கம், 87 பேர் ஸ்மித் பக்கம். தமது நியூயார்க்கிலேயே ஸ்மித் தோற்றார். வேதம் ஒன்றே காரணம் என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. அது முழு உண்மையல்ல. அப்போது வியாபாரம் செழித்திருந்தது. ஆளும் கட்சியை ஜனங்கள் மாற்ற விரும்பவில்லை. மதுவிலக்குச் சட்டத்தை அவர் எதிர்த்ததும் பலருக்குப் பிடிக்கவில்லை.

பிறகு எம்பயர் ஸ்டேட் கட்டடக் கம்பெனிக்குத் தலைவராயிருந்து, 1931 மே 1-ம் தேதி அந்த 102 மாடிக் கட்டடத்தைத் திறந்துவைத்தார். 1932-ல் ரூஸ்வெல்ட்டிடம் கட்சி நியமனத்தை இழந்தது அவர் மனதில் முள்ளாகத் தைத்தது. ரூஸ்வெல்ட்டின் தொழிலாளர் மந்திரி பெர்க்கின்ஸ் அம்மையார். 1935-ல் தொழிற்சங்க உரிமைச் சட்டம் கொண்டுவந்தவர் பழைய அறைத் தோழர் வாக்னர். அவர்கள் செய்தது ஆல்பனியில் மூவரும் தொடங்கிய வேலையின் தொடர்ச்சியே. ஸ்மித் மட்டும் எதிர்ப்பக்கம் போய் நின்று, 1936-ல் குடியரசுக் கட்சி அபேட்சகரை ஆதரித்தார். இது எனக்கு இன்றும் வருத்தமான விஷயம்தான்.

1944 மே மாதத்தில் கேட்டி அம்மாள் இறந்தார். ஐந்து மாதம் கழித்து, அக்டோபர் 4-ம் தேதி ஸ்மித்தும் இறந்தார். அர்ச். பத்ரீசியார் பேராலயத்தில் அவர் சரீரத்தை வைத்திருந்தபோது ஜனங்கள் திரள் திரளாக வந்து பார்த்தார்கள். குயின்ஸ் பகுதியிலுள்ள கல்வாரி கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.