எல்.கே.ஜி-ல இருக்கிற 'கே.ஜி' யார் கொடுத்தது தெரியுமா?

எல்.கே.ஜி, யு.கே.ஜி-னு தினமும் சொல்றோமே... அந்த 'கே.ஜி' எங்கிருந்து வந்துச்சுன்னு யோசிச்சிருக்கீங்களா? 'கிண்டர்கார்டன்' என்ற ஜெர்மன் சொல்லோட சுருக்கம் அது. அர்த்தம், குழந்தைகளின் தோட்டம். அந்தப் பேரை வெச்சவர் ஃப்ரெட்ரிக் ஃப்ரோபல்.

1782-ல் ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் பிறந்தார். முதல் பிறந்தநாளுக்கு முன்னாடியே அம்மா இறந்துட்டாங்க. மத போதகரான அப்பாவுக்குப் பிள்ளையைக் கவனிக்க நேரமில்லை. 15 வயசுல வனத்துறை அதிகாரி ஒருவரிடம் வேலை பழகப் போனவருக்கு மரம், செடிகள்தான் துணை. பிறகு பள்ளி ஆசிரியரானார். பெர்லின் அருங்காட்சியகத்தில் படிகக் கற்களை ஆராயும் வேலையும் பார்த்தார். அந்தக் கற்களின் வடிவங்கள் அவர் மனசுல ஆழமா பதிஞ்சுடுச்சு.

1837-ல், 55 வயசுல, பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் சின்னக் குழந்தைகளுக்காக ஒரு நிலையம் தொடங்கினார். 1840-ல் அதுக்கு 'கிண்டர்கார்டன்'னு பேர் வெச்சார். அங்கே பாடப்புத்தகத்துக்குப் பதிலா விளையாட்டுப் பொருள்கள். அவர் அதுக்கு வெச்ச பேர், 'பரிசுகள்'.

முதல் பரிசு, வண்ண வண்ண நூல் பந்துகள். இரண்டாவது, மரத்தாலான உருண்டை, உருளை, கனசதுரம். கனசதுரத்தை நூலில் தொங்கவிட்டு வேகமா சுத்தினா, உருளை மாதிரி தெரியும். 'எப்படி?'ன்னு குழந்தையே கேட்கும்! மூன்றாவது, எட்டுக் கட்டைகளாகப் பிரியும் ஒரு கனசதுரம். நாற்காலி, படிக்கட்டுன்னு கட்டும்போதே பாதி, கால்னு கணக்கும் கைக்கு வந்துடும்.

ஆனா, 1851-ல் பிரஷ்ய அரசு கிண்டர்கார்டன்களுக்குத் தடை போட்டுடுச்சு. நாத்திகத்தையும் சோஷலிசத்தையும் பரப்புறாங்கன்னு குற்றச்சாட்டு. அவரோட அண்ணன் மகன் கார்ல் ஃப்ரோபல் எழுதியதை இவர் எழுதினதா குழப்பிக்கிட்டாங்க. எவ்வளவோ முறையிட்டும் பலனில்லை. தடை நீங்குறதைப் பார்க்காமலேயே 1852-ல் இறந்துட்டார். 1860-ல்தான் தடை நீங்குச்சு. அதுக்குள்ள அவரோட மாணவர்கள் கிண்டர்கார்டனைக் கடல் கடந்து கொண்டுபோயிருந்தாங்க. அமெரிக்காவின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஃப்ராங்க் லாயிட் ரைட், சின்ன வயசுல விளையாடினது இந்தக் கட்டைகளை வெச்சுத்தான்.

இன்னிக்கு மூணு வயசுக் குழந்தைக்கு ஹோம்வொர்க் நோட்டு கொடுக்கிற வகுப்புக்கும் கே.ஜி-னுதான் பேர். உங்க வீட்டுல குட்டிப்பசங்க இருக்காங்களா? எட்டு காலி தீப்பெட்டியைக் கொடுங்க. எப்படி அடுக்கணும்னு மட்டும் சொல்லாதீங்க. என்ன கட்டுறாங்கன்னு பக்கத்துல உட்கார்ந்து பாருங்க!