குபேருக்கு விழுந்த ஏழையின் வாக்கு

தோழர்களே! காரைக்கால் கழனியில் சேறு மிதித்தவனும், புதுச்சேரி ஆலையில் பஞ்சுத்தூசி விழுங்கியவனும், பணம் படைத்தோர் தாங்கிநின்ற கட்சிக்கே வாக்களித்த காலம் ஒன்று உண்டு. ஏன் அளித்தார்கள்? ஏமாளிகள் என்று சொல்லிக் கையைக் கழுவிவிடலாம். ஆனால் அது விடையாகாது. விடை வேண்டுமானால் எதுவார் குபேரின் வாழ்வைப் பார்க்கவேண்டும்.

1894-ல் புதுச்சேரியில் பிறந்தவர் குபேர். தந்தை பிரெஞ்சுக்காரர், தாய் இந்தியர். நீதிமன்றப் பணியில் இருந்து அரசியலுக்கு வந்தவர். அவர் வந்தபோது தொழிலாளர் இயக்கம் இல்லாமல் இல்லை. 1936 ஜூலை 30-ல் துப்பாக்கிக் குண்டுக்கு 12 ஆலைத் தொழிலாளர் பலியாயினர்; அந்த இரத்தத்தின் விலையாக எட்டு மணி நேர வேலை கிடைத்தது. போராட்டத்தின் தலைவர் வ. சுப்பையாவின் அணி 1946 தேர்தலில் வென்றது.

ஆனால், 1947-ல் பிரெஞ்சிந்திய சோஷலிஸ்ட் கட்சி முளைத்தது. குபேர் அதன் தளகர்த்தர். பெயரோ சோஷலிஸ்ட், முதுகில் தட்டிக்கொடுத்ததோ பிரெஞ்சு நிர்வாகமும் பெருவணிகர்களும்! 1948 அக்டோபரில் புதுச்சேரி, காரைக்கால், ஏனாம் நகராட்சிகள் அக்கட்சியின் கைக்கு வந்தன. 1951-ல் குபேர் பாரிஸ் நாடாளுமன்றத்துக்கே போனார்.

அடியாள் பயம் இருந்தது, மறுக்கவில்லை. 1951-ல் வந்த நடுநிலைப் பார்வையாளர்களே சுதந்திரமான வாக்கெடுப்புக்கு இங்கே சூழல் இல்லை என்றனர். ஆனால் பயம் மட்டுமா காரணம்? 1949 ஏப்ரலில் இந்தியா சுங்க உடன்பாட்டை முறித்தது; எல்லையில் சாவடிகள் எழுந்தன. கப்பலில் வந்த தங்கமும் கடிகாரமும் கள்ளவழியில் எல்லை தாண்டின. கொழுத்தவர் சிலர், ஆனால் மூட்டை சுமந்தவனுக்கும் அன்றைய கூலி கிடைத்தது. டெல்லி அவனுக்குச் சாவடியாகத் தெரிந்தது. குபேர் கட்சியோ சோறாகத் தெரிந்தது. மனு எழுதவும், நகராட்சியில் வேலை கேட்கவும் அவன் போய் நின்ற வாசலும் அக்கட்சியின் வாசலே.

இதில் அவன் இழந்தது என்ன? காரைக்காலின் ஒருபுறம் கடல். மற்றப் புறமெல்லாம் அன்றைய தஞ்சை மாவட்டம். 1952-ல் தஞ்சையில் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கண்டபடி வெளியேற்றத் தடை. குத்தகைக்காரனுக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு. விவசாயிகள் போராடிப் பெற்ற சட்டம் அது. வரப்புக்கு அந்தப் பக்கம் சட்டம். இந்தப் பக்கம் மிராசுதாரர் வாய்ச்சொல்! அதே நெல், அதே காவிரித் தண்ணீர், அதே வியர்வை. பிரெஞ்சுக் கொடியின் கீழ் அந்தச் சட்டம் செல்லாது. அந்தக் கொடியைக் காத்துநின்ற கட்சிக்கே காரைக்கால் உழவன் வாக்களித்திருந்தான்.

பிறகு காற்று திரும்பியது. 1954 மார்ச்சில் குபேரும் திரும்பினார். நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி ஏற்றினார். அக்டோபர் 18-ல் கீழூரில் 178 பிரதிநிதிகளில் 170 பேர் இணைப்புக்கு வாக்களித்தனர். அவர்களில் பலர் நேற்றுவரை குபேரோடு பிரெஞ்சுப் பக்கம் நின்றவர்கள்! அவர் காங்கிரஸ்காரரானார், 1963-ல் முதலமைச்சர், 1964-ல் பதவி இழந்தார், 1979-ல் மறைந்தார். புதுச்சேரிக் கடற்கரைச் சாலைக்கு இன்றும் அவர் பெயர்தான்.

கொடி மாறியது, கட்சி மாறியது, தலைவர் மாறவில்லை. ஏழை கொள்கையைப் பார்த்து வாக்களிக்கவில்லை; தன் வீட்டு வாசலுக்கு வந்தவனைப் பார்த்து வாக்களித்தான். ஆண்டுக்கொரு முறை ஊர்வலத்தில் அவனைச் சந்தித்தவர்கள் தோற்றார்கள். அன்றாடம் சந்தித்தவர்கள் வென்றார்கள்.

ஆகவே தோழர்களே, எதிரணிக்கு வாக்களித்த தொழிலாளியை ஏசாதீர்கள். அவன் மனுவை எழுதிக் கொடுத்தவன் யார் என்று கேளுங்கள். அது நாமாக இல்லையென்றால், குற்றம் அவனுடையது அல்ல.